விளக்கைப் போடாத துப்பறிவாளன்

அல்மாட்டி, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு, சைக்கால் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம். ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை வழக்கம்போலத்தான்.

ஊரே என்றோ பார்த்து முடித்த அந்த மர்மத் தொடரை, இத்தனை வருடம் கழித்து நான் விடாமல் பார்க்கிறேன். மகா மட்டம்! துப்பறிகிறவன் இருட்டு வீட்டுக்குள் நுழைவான், விளக்கை மட்டும் போட மாட்டான். நம் ஆட்டுச்சந்தைத் தரகரிடம் விட்டிருந்தால் மத்தியானத்துக்குள் கொலைகாரனைப் பிடித்திருப்பார். இதையெல்லாம் நான் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே பார்த்தவளான என் அறைத்தோழி நூர்ஜமால் பொறுக்க மாட்டாமல், "டாக்டர்தான்டி கொலைகாரன்! போதுமா?" என்று கத்திவிட்டாள்.

அதோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன், தொடரையும் நிறுத்தினேன். ஒரு வாரம் அறையில் கெட்டில் கொதிக்கும் சத்தம் மட்டும்தான்.

நேற்று அவளே சூடான சம்சாவைக் கொண்டுவந்து வைத்தாள். "டாக்டர் இல்லடி. உன் வாயை அடைக்கத்தான் பொய் சொன்னேன். வந்து உட்காரு, நீ திட்டாம இந்த ரூம்ல இருக்க முடியல."

இன்று கடைசிப் பகுதி. அதுவும் உளறலாகத்தான் இருக்கும். கம்பளிக் காலுறை அனுப்பினால் இரண்டு ஜோடி அனுப்புங்கள். அவளுக்கு அனுப்ப ஆள் இல்லை. தொடர் முடிந்தபின் நாங்கள் இருவரும் எதைத் திட்டிப் பேசிக்கொள்வோம் என்றுதான் தெரியவில்லை.

கூப்பிடுகிறாள், போகிறேன்.

உங்கள் சைக்கால்