சேவல் சத்தம் எட்டாத வீடு

மார்ச் 4

வீட்டுக்காரர் இன்று மொட்டைமாடிக்கே ஏறி வந்துவிட்டார். "கோழியா வீடான்னு முடிவு பண்ணுங்க சார். உங்க சேவல் விடியறதுக்கு முன்னாடியே ஊரைக் கூட்டுது." கையில் புகார்க் கடிதம். பதினோரு கையெழுத்து. அதில் நாலு பேர் எங்கள் கோழி முட்டையைத் தின்றவர்கள்.

ஒரு மாதம் கெடு.

என் மனைவி கூண்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். மகன் தவறிப்போன பிறகு ஏழு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவள். இவள் தம்பிதான் ஒருநாள் அட்டைப்பெட்டியில் ஆறு குஞ்சுகளைக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்து, "பசிக்குது போல, பாருக்கா" என்றான். அன்றைக்கு எழுந்தவள்தான். கோழி போனால் மறுபடியும் கட்டில்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் 10

லிஃப்ட் மெக்கானிக் வேலையில் எனக்குக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். அதையும் தரகருக்குக் கொடுத்தாயிற்று. ஊருக்கு வெளியே இரண்டு இடம் காட்டினார். "கோழிக்குத் தனி பெட்ரூம் வேணுமா சார்?" என்று நக்கல் வேறு. சிரித்துத் தொலைத்தேன்.

முதல் இடத்தில் வேலியை ஒட்டியே கீரிப்பொந்து. இரண்டாவது பள்ளம். மண்ணைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, "ஈரம் நிக்கும், கோழிக்கு ஆகாது" என்றாள். கோழியே வந்து பார்த்திருந்தாலும் அப்படித்தான் பார்த்திருக்கும்.

மார்ச் 17

இனி ஜென்மத்துக்கும் ஒரு புகார்க் கடிதம் வரக்கூடாது. அதற்கு ஒரு சோதனை கண்டுபிடித்திருக்கிறேன். இவள் கொல்லையில் நின்று சேவல் மாதிரி கூவ வேண்டும். நான் பக்கத்து வீட்டு வாசல்வரை போய் நிற்பேன். காதில் விழுந்தால் அந்த இடம் வேண்டாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இன்று இரண்டு இடத்தில் கூவினாள். இரண்டிலும் கேட்டது. இரண்டாவது இடம் நல்ல இடம்தான், நிழலும் தண்ணீரும் இருந்தன. ஆனால் இவள் வாயைத் திறந்ததுதான் தாமதம், பக்கத்து வீட்டு அம்மா "யாருக்கு என்னாச்சு?" என்று ஈரக்கையோடு ஓடி வந்துவிட்டார். இந்தச் சத்தத்துக்கே ஓடி வருகிறவர் நிஜச் சேவலுக்கு என்ன செய்வார்? வேண்டாம் என்று கிளம்பிவிட்டோம்.

மார்ச் 24

கிடைத்துவிட்டது.

இரண்டு அறை, ஓட்டு வீடு. பெரிய கொல்லை, மூன்று மரம், ஓட்டையில்லாத வேலி. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கல் பாவியிருக்கிறது. பஸ்ஸுக்கு இருபது நிமிடம் நடக்க வேண்டும், நடந்தால் போகிறது. பக்கத்து வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே போய் நின்றேன். சத்தமே இல்லை. போன் போட்டு, "கூவு" என்றேன்.

"கூவிட்டேங்க! தொண்டை கிழியக் கூவிட்டேன்! கேக்கலையா?"

சிரித்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

"கூப்பிடு தூரத்துல ஈ காக்கா கிடையாது சார், நிம்மதியா இருங்க" என்றார் தரகர்.

ஏப்ரல் 3

குடிவந்த முதல் காலை. சேவல் தன் இஷ்டத்துக்குக் கூவியது. யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

மே 12

அடை வைத்ததில் ஒன்பது பொரித்துவிட்டன. இவள் அவற்றோடு பேசுகிறாள், திட்டுகிறாள், இடையில் ஏதோ பாட்டு. நான் வேலைக்குப் போவதைக்கூடக் கவனிப்பதில்லை. இருக்கட்டும்.

ஜூன் 20

எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

நேற்றுக் காலை மழை. நான் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் தொட்டிக் கல்லில் வழுக்கி விழுந்திருக்கிறாள். இடுப்பெலும்பு. நகர முடியவில்லை. போன் சமையலறை ஜன்னலில். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு சேர்ந்தபோது ஏழு மணி. பதினோரு மணி நேரம். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து— கோழிகள் அவளை ஒட்டியே படுத்திருந்தன.

மதியம் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. கோழியோட இருப்பான்னு நினைச்சேன். நினைச்சுட்டு டீ குடிக்கப் போனேனே, பாவி. இன்னொரு தடவை பண்ணியிருக்கக் கூடாதா? பண்ணியிருந்தாலும் யாரை அனுப்பியிருப்பேன்? அந்த மேட்டு வீட்டு ஆட்களின் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை.

ஜூன் 23

ஆஸ்பத்திரி. இன்று கொஞ்சம் பேசினாள். குரலே இல்லை, வெறும் காற்று.

"கூப்பிட்டுட்டே இருந்தேங்க."

போர்வையை இழுத்துவிட்டேன்.

"யாருக்கும் கேக்காதுன்னு தெரியும். நாமதானே பார்த்துப் பார்த்து எடுத்தோம். இருந்தாலும் கூப்பிட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம். பிறகு, குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்தேனா என்று கேட்டாள்.

ஜூன் 29

நெஞ்சில் சளி கட்டிவிட்டதாம். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார்.

ஜூலை 2

காலை ஆறு பத்து.

ஜூலை 21

மைத்துனன் வண்டியோடு வந்தான். கோழிகளை எல்லாம் பெட்டியில் ஏற்றியாயிற்று. நாளை வீட்டுச் சாவியைத் தரகரிடம் கொடுக்க வேண்டும். சேவலை மட்டும் கடைசியில் பிடி என்று சொல்லிவிட்டு மேடு ஏறி அந்த வீட்டுக்குப் போனேன்.

அந்த வீட்டுப் பெண் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நாலு மாதத்தில் இன்றுதான் நேருக்கு நேர் பேசுகிறோம்.

"ஒரு சத்தம் கேட்டிருந்தா ஓடி வந்திருப்போம்ணே. நாங்க நாலு பேரும் அன்னிக்கு வீட்டுலதான் இருந்தோம்."

"தெரியும்மா" என்றேன்.

அன்றைக்கு நின்ற அதே இடத்தில் போய் நின்றேன். மைத்துனனுக்குப் போன் போட்டேன்.

"சேவல் கூவுதாடா?"

"ஜோடியைக் காணோம்னு விடாம கூவுது மாமா. காது போகுது. உங்களுக்குக் கேக்கலையா?"

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டேன். அந்தப் பெண்ணும் என்னோடு நின்று கேட்டாள்.

ஒன்றும் இல்லை. சோதனையைச் சரியாகத்தான் செய்திருக்கிறேன்.