பெக்போலாத்துக்குள் பாதி வெற்றிடம்

மார்ச் 11

பெயர்சூட்டும் குழுவிலிருந்து கடிதம். நான் கண்டுபிடித்த சிறுகோளுக்குப் பெயர் வைக்கும் உரிமை எனக்கு இன்னும் நான்கே மாதம்தான். பத்து வருடமாக வெறும் எண்ணாகவே கிடந்தது, ஒருவரும் கேட்கவில்லை. வேறெங்கோ போகிற விண்கலம் ஒன்று அக்டோபரில் அதன் பக்கமாகப் போய்ப் படமெடுக்கப் போகிறது. அது தெரிந்ததிலிருந்து எல்லோருக்கும் என்மேல் பாசம். இயக்குநர் செரிக்ஜான் என் அறைக்குத் தன் கையாலேயே தேநீர் கொண்டுவந்தார். காலமான தன் ஆசிரியரின் பெருமைகளை முக்கால் மணி நேரம் சொன்னார்.

மார்ச் 14

சாப்பிடும்போது என் கணவன் ஜந்தோஸ், "அப்பா பேர வெச்சா என்ன?" என்றான். மாமனார் முப்பது வருடம் எங்கள் மலை வானாய்வகத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவர். காதில் விழாதவர்போல இறைச்சியை நறுக்கிக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்துவிட்டது.

மார்ச் 20

அனுப்பிவிட்டேன். மாமனார் பெயர்: பெக்போலாத்.

எழுத முடிகிறது. வாயால் சொல்ல முடியாது. எங்கள் வழக்கப்படி கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது. மாமியார் தலைமுறையில் கணவன் பெயரையும்கூடச் சொல்ல மாட்டார்கள். இயக்குநரின் ஆசிரியரிடமிருந்து தப்பித்தோம், கிழவரும் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். நாளை இதைப் பற்றி நான்தானே பேச வேண்டும், எப்படிப் பேசுவேன்? இதை யோசிக்காத நான் ஒரு விஞ்ஞானி!

ஜூன் 2

ஒப்புதல் வந்துவிட்டது. ஆடு வெட்டி, நாற்பது பேருக்கு பெஷ்பர்மாக் விருந்து. மாமனார் எழுந்து நின்று பேசினார்: "நான் தண்ணி கொண்டுபோகலேன்னா இவங்க நட்சத்திரத்தப் பாத்திருப்பாங்களா? தொண்டை வறண்டு கீழ ஓடி வந்திருப்பாங்க." எல்லோரும் சிரித்தார்கள். உண்மைதான், நானும் சிரித்தேன்.

ஜூன் 9

மாவட்டப் பத்திரிகையில் மாமனார் படம். "நம் ஊர் பெக்போலாத் கண்டுபிடித்த சிறுகோள்."

கண்டுபிடித்த!

ஜந்தோசிடம் காட்டினேன். "நிருபர் பண்ண தப்பு. இப்பப் போயி அப்பாகிட்ட சொன்னா மனசு ஒடஞ்சிடுவாரு" என்றான். என் மனசு உடைந்தால் மட்டும் கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாமாம்! மாமனார் பன்னிரண்டு பிரதி வாங்கியிருக்கிறார்.

செப்டம்பர் 1

கருத்தரங்கில் அரை மணி நேரம் "இந்தப் பொருள்", "இந்தப் பொருள்" என்றே பேசினேன். இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லையா என்று ஒரு ஜப்பானிய இளைஞர் மரியாதையாகக் கேட்டார்.

அக்டோபர் 20

படங்கள் வந்துவிட்டன. ஒரே பாறை என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம், இல்லை. கற்குவியல். எடையையும் அளவையும் வைத்துக் கணக்குப் போட்டால் உள்ளே பாதி வெற்றிடம். இத்தனை நாள் எப்படிச் சிதறாமல் இருக்கிறது? படத்தைப் பார்த்து அழுதுவிட்டேன், அவ்வளவு அழகு. பிறகுதான் நினைவு வந்தது – இதை வீட்டில் எப்படிச் சொல்வது?

அக்டோபர் 23

தொலைக்காட்சி நேரலை. மாமனார், மாமியார் முன்வரிசையில். தொகுப்பாளர், "பெக்போலாத்துக்குள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டார். பெயரைச் சொல்ல முடியாமல், "நம் விருந்தாளிக்குள் பாதி வெற்றிடம்" என்றேன். முன்வரிசை விருந்தாளியைப் பார்த்து அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தொகுப்பாளர் மாமனார் பக்கம் திரும்பி, இதைக் கண்டுபிடித்த பெரியவர் இங்கேயே இருக்கிறார் என்று கைதட்டச் சொன்னார். மாமனார் எழுந்து நெஞ்சில் கை வைத்தார்.

ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது.

வழக்கத்தின்மேல் பழி போடலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை. கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்ல யார் பெயரும் தேவையில்லையே. பயந்துவிட்டேன். அவ்வளவுதான். நானும் கைதட்டினேன்.

அக்டோபர் 24

சமையலறையில் மாமியார் பவுர்சாக் மாவுருண்டைகளைப் பொரித்துக்கொண்டே, அதை எந்த வருடம் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். இளையவள் வயிற்றில் இருந்த வருடம் என்றேன். "தெரியும். பெரியவன நான்தானே பாத்துக்கிட்டேன். நீ ஏழு மாச வயித்தோட மலைக்குப் போயிட்டிருந்த" என்றார். அப்புறம் எண்ணெயைப் பார்த்தபடி, "நேத்து ஏன்டி வாயத் தொறக்கல?" என்றார்.

சுடச்சுட ஒரு பவுர்சாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 30

பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், கால்நடைச் சந்தை விளம்பரத்துக்குக் கீழே: "சிறுகோளைக் கண்டுபிடித்தவர் பெக்போலாத் அல்லர், அவருடைய மருமகள் என வாசகர் ஒருவர் தெரிவித்துள்ளார். பிழைக்கு வருந்துகிறோம்."

மருமகள்! பெயர் இல்லை. "பாரு, திருத்திட்டாங்க" என்று ஜந்தோசுக்கு ஒரே திருப்தி. எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்த வாசகர் யார் என்று நான் கேட்கவில்லை. மாமியார் பத்திரிகையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 3

மதியம் கூடத்தில் மாமியார் தொலைபேசியில். பத்திரிகை அலுவலகம். மறுமுனையில் இருந்த பெண்ணுக்கு எந்தச் செய்தி என்று பிடிபடவில்லை போலும். "அதான்மா, தண்ணி லாரி ஓட்டினவர்" என்றார். "கல்லு, மேல சுத்துற கல்லு" என்றார். "ஜந்தோஸ் அப்பா" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண் அவருடைய பெயரைக் கேட்டாள்.

மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடம். அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை, யாருமே கேட்டதில்லை.

"பெக்போலாத்" என்றார். சத்தமாக.

உள்ளறையில் வானொலி நின்றது. "என்ன?" என்று மாமனாரின் குரல்.

மாமியார் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "உங்கள இல்ல. கல்லச் சொன்னேன்" என்றார். பிறகு தொலைபேசியில், "எழுதிக்கோ. மருமகள்னு போட்டா எத்தன வீட்டு மருமகள்? அவளுக்குப் பேர் இருக்கு. கலம்பிர்" என்றார்.

மாமனார் கதவருகே வந்து நின்றார். கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

எந்தப் பெயரை என்று சொல்லவில்லை. மாமியார் இரண்டையும் சொன்னார்.