சுதா இருந்த குழுவுக்கு நான் போட்ட வகை

ஜூலை 8, செவ்வாய்
விடாத மழை. ஜாதவ்பூர் பஸ் நிறுத்தத்தில் முழங்கால் தண்ணீர். லீவு போட்டாயிற்று.

எங்கள் கல்கத்தா தமிழர் இணையக் குழுமத்தில் பதினோரு குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை போட வேண்டுமாம். அட்மின் நான், வேலை என் தலையில்.

மாடித் தோட்டம் – பொழுதுபோக்கு. வரன் – திருமணம். கடைசியாக 'நாம் ஏழு பேர்'. வீட்டில் அடி வாங்கும் பெண்கள் ரகசியமாகப் பேசிக்கொள்வது. யோசிக்காமல் 'குடும்பம்' என்று போட்டுவிட்டேன். பால் வாங்க மறந்தேன்.

ஜூலை 9, புதன்
காலை ஏழரை. ஹவுராவிலிருந்து சுதாவின் போன். அந்த ஏழு பேரில் ஒருத்தி. கிசுகிசுப்பாக:

"அக்கா, அவர் போன்ல நம்ம குழு வருது. உங்க வீட்டார் இதில் இருக்காங்கன்னு, என் படத்தோட."

'குடும்பம்' என்றால் வீட்டாருக்கும் காட்டுமாம். விதிகளில் இருக்கிறது. நான் படிக்கவில்லை.

"பார்த்துட்டாரா?"

"குளிக்கறார்."

வகையை மாற்றினேன். 'ஒரு நாள் ஆகலாம்' என்கிறது. குழுவையே அழித்தால்தான் உடனே போகும். ஆனால் காயங்களைப் படம் எடுத்து அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.

"எல்லாம் போயிடும் சுதா."

"அழிச்சிடுங்கக்கா. தண்ணி சத்தம் நின்னுடுச்சு."

அழித்தேன். போன் கட். பிறகு ஸ்விட்ச் ஆஃப். நாள் முழுக்க.

ஜூலை 10, வியாழன்
இன்றும் ஆஃப். கீழ்வீட்டு வங்காள அண்ணி, மிதாலி பௌதியிடம் சொல்லி அழுதேன். வியாழக்கிழமை லக்ஷ்மி பூஜை பிரசாதத்தைச் சாக்காகத் தூக்கிக்கொண்டு, "சொலோ, போகலாம்" என்று கிளம்பிவிட்டாள்.

ஹவுராவில் கதவைத் திறந்தது அவள் கணவன். சிரிப்பு.

"சுதாவுக்குக் காய்ச்சல். நீங்கதானே அட்மின்? நேத்து ஏதோ குழு வந்துது. தொட்டேன், காணோம்."

"தப்பா வந்திருக்கும்."

சுதா வந்தாள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. செருப்பை மாட்டினாள். "டாக்டரிடம் காட்டுகிறோம்" என்று பௌதி வங்காள மொழியில் உரக்கச் சொன்னாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவன் வழிவிட்டான்.

டாக்ஸி பிடித்து சுதாவை என் வீட்டுக்கே அழைத்து வந்தோம்.

ஜூலை 11, வெள்ளி
வெயில். காலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு எதிரே இனிப்புக் கடை வாசலில் அவன். நிற்கிறான், அவ்வளவுதான்.

பத்து மணிக்குக் காவல் நிலையம். பௌதி, அவள் கணவர், மாடி வீட்டுக்காரர், நடுவில் சுதா. அவனைத் தாண்டும்போது என் கையை நகம் பதியப் பிடித்தாள். நிற்கவில்லை.

புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். நான் போட்ட வகையையும் சொன்னேன். "உங்க தப்பு இல்லக்கா" என்கிறாள். இருக்கிறது.

திரும்பியபோது கடை வாசலில் அவன் இல்லை. இது இன்னும் பயமாக இருக்கிறது.