மூடி உப்பின மான் இறைச்சி

4.6.55 சனி
கச்சான் காத்து. வாயெல்லாம் மண்.
போன மாசம் இவர் காட்டில இருந்து கொண்டு வந்த மான். இவர் லொறி ஓட்டுற அணைக்கட்டு வேலைத்தலத்துத் தொரசானி சொல்லித் தந்தபடி நானே போத்தல்ல அடைச்சி, ஆவியில அவிச்சி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கினது. இருட்டு, குளிர்ச்சி, ஈரமில்லாத இடம். கட்டிலுக்குக் கீழ வெச்சன். இண்டைக்குப் பாத்தா அங்க இல்ல! அடுப்புக்கு மேல தட்டில அடுக்கி இரிக்காரு. வாறவங்க கண்ணில படோணுமாம். மேல தகரம், கீழ நெருப்பு.
மூணு போத்தல்ல மூடி உப்பி இரிக்கி. ஒண்டில ஓரத்தால நுரை.
தொரசானி படிச்சிப் படிச்சிச் சொன்னா, உப்பினா நாக்கில கூட வெக்கப்படாது எண்டு.
இவர்: "வெள்ளக்காரிக்கு எல்லாம் பயம். கொதிக்க வெச்சாச் சரி, புள்ள."
மூணையும் பின்வளவில ஒதுக்கினன். நாளைக்குப் புதைக்கோணும். மற்றதெல்லாம் திரும்பக் கட்டிலுக்குக் கீழ.
சீனி முடிஞ்சி. மண்ணெண்ணெயும்.

5.6 ஞாயிறு
பின்வளவில ரெண்டுதான். மற்றது?
"ராத்தாக்குக் குடுத்தன்." சாய்ந்தமருதில இரிக்கிற அவர்ர ராத்தா, எனக்கு மூத்த மதினி. மூடியக் கையால அமத்திப் போட்டுக் குடுத்தாராம். அமத்தி!
ஓடினன். முக்காடு நிக்கல்ல. தெருவே பாத்திச்சி.
மதினி சோறு போட்டுட்டா. அவட சின்ன மகள்ர கையில கவளம், வாய்க்கிட்ட. தட்டி விட்டன். கறியச் சட்டியோட கொண்டு போய்க் குழி தோண்டிக் கொட்டி மூடினன்.
"குடுக்க மனசில்லாட்டிச் சொல்லி இரிக்கலாமே. புள்ளட சோத்திலயா கை வெக்கிற?"
"மூடி உப்பினது மதினி. நஞ்சு."
"எண்ட தம்பி எனக்கு நஞ்சா தருவான்?"
தம்பி பின்னால வந்து நிண்டாரு. நிலத்தப் பாத்துட்டு நிண்டாரு.

6.6 திங்கள்
மிச்ச ரெண்டையும் ஆழமாப் புதைச்சாச்சி. கையில கொப்புளம்.
கிணத்தடியில பொம்பளையள், எனக்குக் கேக்கட்டும் எண்டே: "ஒரு துண்டு இறைச்சிக்காக மதினி ஊட்டுச் சட்டியக் கவிட்டவள்."
பகல் சோத்துக்கு இருந்து இவர் மெதுவா: "உப்பித்தான் இருந்திச்சி. ஓம், எண்ட பிழைதான்."
"இத அங்க ஏன் சொல்லல்ல?"
"ராத்தாக்கு முன்னால எப்பிடிச் சொல்ற..."
என்னையக் கஞ்சப்பிசினாறி எண்டு ஊர் கதைக்கலாம், அது பரவாயில்ல! அந்தப் புள்ள திண்டிருந்தா?
"போய் ராத்தாட முகத்தப் பாத்துச் சொல்லிட்டு வாங்க."
சிரிச்சாரு. சிரிச்சிட்டு லுஹர் தொழப் போனாரு.
இது வாப்பா எனக்குக் கட்டித் தந்த ஊடு. தாழ்ப்பாள் போட்டன்.
இப்ப வாசல்ல. "கதவத் திற புள்ள."
"சொல்லிட்டீங்களா?"
திரும்பவும் கதவத் தட்டுறாரு.
நிக்கட்டும்.