லாரிக்காரருக்குச் சொன்ன பதில்

இன்று காலை படூர் சாலையோரம் இளநீர் சீவிக்கொடுத்தவர், "குடிங்க சார், சூட்டுக்கு நல்லது" என்றார். குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். உன் கடைசி ஓராண்டு முழுவதும் 'சூடு' என்ற அந்தச் சொல்லை உன் வாயால் கேட்டவன் நான். பேச்சின் நடுவே அடிக்கடி எழுந்து கழிப்பறைக்குப் போவாய். திரும்பி வந்து, "சூடு மச்சான்" என்பாய். நீ திசுக்களைச் சோதித்து நோயைச் சொல்லும் நோய்க்கூறியல் மருத்துவன். சிறுநீரில் இரத்தம் கண்டால் சூடு என்று ஒதுக்காதீர்கள் என மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன்.

செங்கல்பட்டிலிருந்து நீ அனுப்பும் சிறுநீர்ப்பைக் கட்டித் துணுக்குகளின் மரபணுக்களைப் படித்துச் சொல்வது என் வேலை. நோயாளியின் பெயர் இராது. இரண்டைப் பற்றி மட்டும், கூடுவாஞ்சேரி லாரிக்காரர் ஒருவருடையவை என்றாய். அவருடைய முதல் கட்டியில், பையின் உட்படலத்தோடு நின்றுவிடும், ஆபத்துக் குறைந்த வகைக் கட்டிகளில் காணப்படும் மரபணு மாற்றமே இருந்தது. மீண்டும் வளர்ந்த கட்டியில் பி53 சிதைந்திருந்தது. பழுதான செல்லைப் பெருகவிடாமல் நிறுத்தும் மரபணு அது. அதை இழந்த கட்டி தசைக்குள் இறங்கும் ஆபத்து அதிகம்.

மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தபடி நீ கேட்டாய்: "இன்னா மச்சான், நம்ம லாரிக்காரன் தேறுவானா?"

"லேட் பண்ணா போச்சுடா. தசைக்குள்ள போறதுக்கு முன்ன சிறுநீர்ப்பையை எடுத்துடச் சொல்லு."

"உள்ள கீற பையை எடுத்துட்டு, வெளிய மூத்திரம் புடிக்க ஒரு பையைத் தொங்கவுடுவீங்க. இன்னா கணக்கு இது?"

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். "சரி, அவன்கிட்ட சொல்லிடறேன்" என்றாய்.

அப்படி ஒரு லாரிக்காரரே இல்லை என்பதை, உன் காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி சொன்னார். "அந்த ரெண்டு கட்டியும் அவருதுதாண்ணா. உங்ககிட்ட சொல்லுங்கன்னு கெஞ்சினேன். 'என்னுதுன்னு தெரிஞ்சா பூசி மெழுகுவான். லாரிக்காரன்னாதான் உண்மையைச் சொல்வான்'னாரு."

முப்பதாண்டு நட்பில் நீ என்னைப் பற்றிக் கண்டறிந்தது இவ்வளவுதானா? உண்மையை வாங்கிக்கொண்டாய், அறுவைக்குப் போகவில்லை; உன்னைப் போகவைக்கும் உரிமையை எனக்குத் தரவில்லை. தெரிந்திருந்தால் பூசி மெழுகியிருக்க மாட்டேன். உன் சட்டையைப் பிடித்து அறுவை அரங்குக்கு இழுத்துப்போயிருப்பேன். அதற்குப் பயந்துதான் ஒளிந்தாய் என்பதே என் முடிவு. உன் மனைவி சொன்ன காரணத்தை நான் ஏற்கவில்லை.

செங்கல்பட்டுக்குத் தனியே காரோட்டிப் போகும்போதெல்லாம் உன்னோடு வாதாடுகிறேன். பையோடு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நுண்ணோக்கியின் முன் நாள் முழுக்க உட்காரலாம். சட்டைக்கு மேல் தெரியாது. உன் ஒவ்வொரு மறுப்புக்கும் பதில் தயாராக இருக்கிறது. கேட்க வேண்டியவன், வேறொருவர் பெயரில் கேட்டுவிட்டுப் போய்விட்டான்.