நாட்டுரிமை என்ற கட்டம்

உன் தங்கை கொண்டுவந்த பழுப்பு உறையைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை என் அலுவலக அறை முழுதும் பரவியது. உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியின் வாசனை. உனக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அவள் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் உள்ள என் அலுவலகத்துக்குத் தேடி வந்தாள். பிரெஞ்சுத் தூதரகத்துக்கு எழுதவேண்டிய கடிதத்துக்காக உன் காகிதங்களை வரிசைப்படுத்தித் தரும்படி கேட்டாள்.

பிறப்புச் சான்று, இராணுவச் சேவைச் சான்று, பிறகு உங்கள் குடும்பத்தின் லிவ்ரே. பெற்றோரின் திருமணத்தையும் பிள்ளைகளின் பிறப்பையும் பதிந்து தூதரகம் தரும் அந்தச் சிறு புத்தகத்துக்குள் நான்காக மடித்த ஒரு நகல் இருந்தது. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சி முகாமுக்கு நீ அனுப்பிய படிவம். எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தது என் கையெழுத்து. நாட்டுரிமை என்ற கட்டத்தில், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், ‘பிரெஞ்சு’ என்று இருந்தது.

“இத எதுக்குண்ணே அண்ணன் இத்தன வருஷம் வச்சிருந்துச்சு?” என்றாள்.

நாளை மாலை வரச் சொன்னேன். அந்த ஒரு நாள் அவகாசத்தில் இதை உனக்கு எழுதுகிறேன். அவளிடம் சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லியாக வேண்டும். வரிசை அதுதான்.

நமக்குப் பதினைந்து வயது. நீ இடது ஓரத்தில் ஓடுவாய். நான் பின்னால் நின்று தடுப்பேன். எனக்கு வேகம் இல்லை, ஆனால் ஆட்ட விதிகள் அனைத்தும் மனப்பாடம். அதனால் நீ எனக்கு வைத்த பெயர் ‘ரூல் புக்கு’. முகாமுக்கு அழைப்பு வந்த அன்று நாம் பேசியதெல்லாம் இந்திய இளையோர் அணியைப் பற்றியே. நாம் பிறப்பதற்குச் சற்று முன் அந்த அணி ஆசிய இளையோர் கோப்பையை இன்னொரு நாட்டோடு பகிர்ந்துகொண்டது. அதன் பின் அந்தக் கோப்பை நம் பக்கம் வரவில்லை. “பகிர்ந்துக்கிட்டா அது பாதிக் கோப்பைடா. மீதிப் பாதிய நான் கொண்டாறேன்” என்றாய்.

படிவத்தை அன்று மாலைக்குள் சேர்க்கவேண்டும். உங்கள் கூடத்தில் உட்கார்ந்து எழுதினோம். பிரெஞ்சு இராணுவத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வுபெற்ற உன் அப்பா, சீருடையணிந்த தன் படத்துக்குக் கீழே சாய்வு நாற்காலியில் இருந்தார்.

“நாட்டுரிமைக்கு இன்னா போடறது?” என்றேன்.

“இந்தியான்னு போடு. இந்தியாவுக்குத்தானடா ஆடப்போறேன்.”

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “நம்ம வீட்டுல யாருடா இந்தியா? புதுச்சேரி இந்தியாவோட சேந்தப்ப நான் பிரெஞ்சுன்னு ஒப்பு போட்டவன். லிவ்ரேல உன் பேரும் ஏறியிருக்கு.”

“அப்ப ரெண்டையும் எழுதுடா.”

“ஒரு கட்டத்துல ஒண்ணுதான் எழுதணும்” என்றேன். “பொய் எழுதினா நாளைக்கு டீமையே போட்டியில இருந்து தூக்கிடுவாங்க.”

“இவன் ஒருத்தன். நான் கோல் போட்டாக்கூட அத்தாட்சி கேப்பான்” என்று சிரித்துக்கொண்டே ஒப்பமிட்டாய். நான் லிவ்ரேயைத் திறந்து, எழுத்துப் பிழை வராமல் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

முகாமின் மூன்றாவது வாரத்தில் ஒரு அதிகாரி உன்னை மைதானத்திலிருந்து அழைத்தார். இந்தியக் கடவுச்சீட்டு பெறத் தகுதியில்லாதவன் என்று பட்டியலிலிருந்து உன் பெயரை அடித்தார்கள். நீ ரயிலேறித் திரும்பிவந்தாய். அணி ஆசியப் போட்டிக்கு விமானம் ஏறியது. அதன் ஆட்டங்களைப் பற்றி நாளிதழில் வந்த இரண்டு வரியைப் படித்து, தாளை மடித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் தட்டருகே வைத்தாய். “நீங்க போட்ட ஒப்பு” என்றாய். அவரிடம் நீ பேசிய கடைசி வார்த்தைகள் அவை.

பதினெட்டு முடிந்ததும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வாங்கினாய். அவர் சேர்ந்த அதே இராணுவத்தில் சேர்ந்தாய். விடுமுறையில் வந்தபோதெல்லாம் அவர் கூடத்தில் இருந்தால் நீ மாடியில் இருந்தாய்.

இனி நான் சொல்லவேண்டியது.

சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, குடியுரிமைச் சட்டம் நடத்திய ஒரு காலை வகுப்பு. நாம் பிறந்த ஆண்டுகளில் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். பெற்றோர் எந்த நாட்டவர் என்று பார்க்கும் விதி பின்னால் வந்தது. அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற விலக்குகள் சில உண்டு. அவற்றில் உன் அப்பா வரமாட்டார். நீ பிறந்தது புதுச்சேரி அரசு மருத்துவமனையில். படிவம் எழுதிய அன்று உன் கையில் எந்த அயல்நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை. லிவ்ரே நீ யார் மகன் என்று சொன்னது. நீ இந்தியன் இல்லை என்று அது சொல்லவேயில்லை. அதைச் சொன்னவன் நான்.

அப்பாவின் ஒப்பம் உன்னைத் தடுக்கவில்லை. நீ முதலில் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் அது பொய்யாகவும் இருந்திருக்காது.

அன்றே உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. அதற்குள் நீயே விரும்பி வேறு நாட்டுக் கடவுச்சீட்டை வாங்கிவிட்டாய், சட்டப்படி இனித் திருத்த வழியில்லை, ஆகவே சொல்லிப் பயனில்லை என்று எனக்கு நானே வாதாடினேன். அந்த வழக்கில் எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை.

வக்கீலாகப் பதிவுசெய்த ஆண்டில் ஒரு ஞாயிறு, கோயில் பூசை முடிந்து வந்த உன் அப்பா தெருவில் என்னை நிறுத்தினார்.

“தம்பி, நீ இப்ப வக்கீலு. உள்ளத சொல்லு. நான் போட்ட ஒப்பாலதான் அவனால ஆட முடியாமப் போச்சா?”

எனக்கு விடை தெரியும். பிரிவு எண்ணோடு தெரியும். நான் “சட்டம் அப்படித்தான் அங்கிள்” என்றேன்.

“சட்டம்னா சரி” என்று தலையாட்டிவிட்டு நடந்தார். அடுத்த மழைக்காலத்தில் இறந்தார். நீ வந்தாய், கல்லறையில் எல்லோருக்கும் பின்னால் நின்றாய், மறுநாளே திரும்பினாய்.

பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்த ஆண்டு நீ விடுமுறையில் இங்கே இருந்தாய். நம் அணியின் மூன்று ஆட்டங்களையும் என் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மூன்றிலும் தோல்வி, அடித்தது ஒரே ஒரு கோல். அந்தப் பந்து உள்ளே போனபோது எழுந்து நின்றாய். கத்தவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டாய்.

“டேய் ரூல் புக்கு, அன்னிக்கு நான் போயிருந்தா ஏதாவது ஒண்ணு அடிச்சிருப்பேன்ல?”

“அடிச்சிருப்ப” என்றேன். பிறகு, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கினேன்.

அடுத்த நிமிடமே எதிரணி கோல் அடித்தது. நீ நாற்காலியில் விழுந்தாய். “ஒரு நிமிஷம் தாங்க மாட்டானுங்களா” என்று முணுமுணுத்தாய். ஆட்டம் முடிந்த பிறகு என்னைப் பார்த்தாய். “இன்னாவோ சொல்ல வந்தியே?”

“காபி போடட்டுமான்னு கேக்க வந்தேன்.”

“அதுக்கா மூஞ்ச அப்படி வச்சிருந்த” என்று சிரித்தாய்.

இதுவரை நேற்று எழுதியது. உன் தங்கை வந்துபோன பிறகு மிச்சத்தை எழுதுகிறேன்.

படிவத்தை மேசைமேல் விரித்து, எழுதியது யார், எது தவறு, எப்போது தெரிந்துகொண்டேன், உன் அப்பா கேட்டபோது என்ன சொன்னேன் என்று வரிசையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

“உங்கள கேட்டுட்டு அன்னிக்கு அப்பா வீட்டுக்கு வந்து இன்னா சொன்னாரு தெரியுமாண்ணே? ‘வக்கீலே சொல்லிட்டான். எம்பிள்ள கோவப்படறது நியாயந்தான்’னாரு. அதுவரைக்கும் ஞாயித்துக்கெழமையானா அண்ணனுக்கு போன் போடுவாரு. அண்ணன் இவர் குரலக் கேட்டதும் வச்சிடும். இருந்தாலும் மறு வாரம் போடுவாரு. அன்னியோட வுட்டுட்டாரு.”

எனக்கு இது தெரியாது. நீயும் சொன்னதில்லை. அழைப்பு ஏன் நின்றது என்று உனக்கும் தெரிந்திருக்காது.

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையை நீட்டித் தடுத்தாள். “அதெல்லாம் வேணாண்ணே. இப்ப சொன்னத எழுதிக் குடுங்க.”

“யாருக்கு?”

“எனக்குதான். எங்க அப்பா மேல தப்பு இல்லன்னு ஒரு பேப்பர்ல இருக்கட்டும்.”

என் பெயர் அச்சிட்ட தாளில் எழுதினேன். ஐந்து வாக்கியம். அடியில் ஒப்பமிட்டேன். அவள் நின்றபடியே படித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

“தேதி போடல.”

இத்தனை ஆண்டுத் தொழிலில் தேதியில்லாத தாள் ஒன்று என் மேசையைத் தாண்டியதில்லை. பேனாவை மறுபடி எடுத்தேன். படிவம் எழுதிய நாள், உண்மை தெரிந்த நாள், தெருவில் உன் அப்பா கேட்ட நாள் மூன்றும் கண்முன் நின்றன. இன்றைய தேதியைப் போட்டுக் கொடுத்தேன். தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா உன்னை அழைக்காமல் விட்ட ஞாயிற்றுக்கிழமைகள் அந்தத் தாளில் இல்லை, நண்பா. அவற்றை எழுதித் தரும்படி அவள் கேட்கவில்லை. அவை என்னிடம் இருக்கின்றன.