வேட்டிக்கு ஊற்றிய காபி

தலத்தெரு, காரைக்கால்
16.2.1982

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் கால்வலி தேவலையா?

இதனால் சேலத்தில் உள்ள சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பெரியப்பா வீட்டில் காபி வெடித்தது. பயப்படாதீர்கள், யாருக்கும் காயமில்லை, என் அரும்பு மீசைகூடப் பத்திரம்.

ஞாயிறன்று அமுதம் அக்காவைப் பெண் பார்க்கப் பூவத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெரியப்பா பாரிஸிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிக் குவளையில் நானே காபி போடுவதாகச் சொன்னேன். தூளை வெந்நீரில் ஊறவிட்டு, மூடியிலுள்ள சல்லடையைக் கீழே அழுத்த வேண்டும், அவ்வளவுதான். நானோ நம் பித்தளை ஃபில்டருக்கென்று மாவாக அரைத்த, சிக்கரி கலந்த காபித்தூளையே போட்டேன். சல்லடை அடைத்துக்கொண்டது. எல்லார் முன்னாலும் இரண்டு கையாலும் அமுக்கினேன். டிகாஷன் கூரைவரை பீய்ச்சியடித்து, மாப்பிள்ளையின் அப்பா வேட்டியில் இறங்கியது! அக்கா முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா தன் வேட்டியைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். "என்னங்க, ஒங்க வீட்டுல காப்பிய மொதல்ல வேட்டிக்குத்தான் குடுப்பீங்களா?" என்றார். மாப்பிள்ளை சிரிக்க, அக்காவும் சிரித்துவிட்டாள். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். என் கைராசியைப் பார்த்தீர்களா?

கொரகொரப்பாக அரைத்த காபித்தூள் அரைக்கிலோ வேண்டும். பார்சலில் வாசனை போய்விடும். நீங்களே கொண்டுவந்தால் நல்லது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் அப்பா பேசியபோது நான் அங்கே இல்லை. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அக்காதான் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

உங்கள் மகன்,
தங்கையன்